தட்டுவடை செட் தேடிப் போகிறவர்களுக்கு

என் மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை ஆனால் தோழிகளோடு பர்கர் தேடிக் கிளம்பிவிடுவாள். இந்திரா நகரில் ஒன்று, கோரமங்களாவில் ஒன்று என்று சாப்பிட்டுவிட்டு, பன் எப்படி, நடுவில் வைத்த கறி வறண்டிருந்ததா, சாஸ் அதிகமா என்று ராத்திரி போனில் எனக்கு ஒப்பிப்பாள். அவள் பார்ப்பதையெல்லாம் நானும் 22 வருடமாகச் சேலத்துத் தெருக்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பன் இருக்கும் இடத்தில் எனக்குத் தட்டுவடை. போன பொங்கலுக்கு வந்தவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மூன்று சாயங்காலம் சுற்றினேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நூல் கடையில் வசூல் பார்க்கிறவன். குகை, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, கொண்டலாம்பட்டி என்று தறி ஓடும் தெருவுக்கெல்லாம் வாரம் ஒரு தடவையாவது போயாக வேண்டும். பணம் கைக்கு வருவது பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரத்தில். தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டிகள் களைகட்டுவதும் அதே நேரத்தில்தான். அதனால் எந்தத் தெருவில் யார் வண்டி போடுகிறார்கள் என்பது வேலையோடு வேலையாகத் தெரிந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற ஊர்களில் தட்டை என்கிறார்கள், கர்நாடகத்தில் நிப்பட்டு என்கிறார்கள். எங்களுக்கு அது தட்டுவடை. வாய்க்குள் முழுசாக அடங்கும் அளவில் சின்னச் சின்னதாகச் சுட்டு, ஒன்றின் மேல் பச்சைச் சட்னி தடவி, வெங்காயம், துருவிய கேரட், பீட்ரூட் வைத்து, சிவப்புக் காரச் சட்னி தடவிய இன்னொன்றால் மூடினால் ஒரு செட். ஒரு பிளேட்டுக்கு ஐந்தோ ஆறோ வரும். அவ்வளவுதான். ஆனால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் ருசி அப்படி மாறும்.

முதலில் செட் கேட்காதீர்கள். வெறும் தட்டுவடை ஒன்று கேளுங்கள். "செட்டு வேண்டாங்களாண்ணா?" என்று அக்கா ஆச்சரியமாகப் பார்க்கும். "வேணுங்க்கா, முதல்ல வெறும் தட்டுவடை ஒண்ணு குடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடும். இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை. இந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது. சட்னிக்குப் பேர் வாங்கின வண்டி சேலத்தில் நிறைய உண்டு. தட்டுவடைக்குப் பேர் வாங்கினது குறைவு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் தட்டுவடை நன்றாக இருக்கும் இடத்துக்கே போவேன். நல்ல தட்டுவடையில் சுமாரான சட்னி வைத்தாலும் சாப்பிடலாம். நமுத்துப்போன தட்டுவடையில் எந்தச் சட்னியை வைத்தும் பயனில்லை.

கையில் வாங்கியதும் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஒட்டக் கூடாது, கொஞ்சம் மாவு பொரிந்த சொரசொரப்பு தெரிய வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் பெருங்காயமும் கறிவேப்பிலையும் வாசம் வரவேண்டும். சிக்கு வாடை அடித்தால் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சியிருக்கிறார்கள், அல்லது சுட்டுப் பல நாள் ஆகிவிட்டது. மரியாதையாகக் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்புறம் பாதியாக உடையுங்கள். 'டக்' என்று ஒரே சத்தத்தில் உடைய வேண்டும். வளைந்து உடைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தூள் தூளாக உதிர்ந்தால் வெண்ணெயோ காய்ச்சிய எண்ணெயோ மாவில் அதிகமாகிவிட்டது; அது சட்னி பட்டதும் கையோடு வந்துவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சுடுகிறவர்களிடம் பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும், ஊறவைத்த கடலைப்பருப்பும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, துணியில் தட்டிப் போடுவார்கள். நடுவில் குத்திக் குத்தித் துளை விடுவது அழகுக்காக இல்லை. துளை இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும், மேலே சட்னி நிற்காது. தீ மிதமாக இருக்க வேண்டும். தீ அதிகமாக எரிந்தால் வெளியே சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே ஈரம் தங்கிவிடும், மறுநாளே நமுத்துப்போகும். எண்ணெயின் சலசலப்பு முழுசாக அடங்கிய பிறகு எடுக்க வேண்டும். அந்தச் சலசலப்பே மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகிற சத்தம்தான். அது அடங்கினால்தான் உள்வரை வெந்தது என்று அர்த்தம். ஊறிய பருப்பு முழுசாக அங்கங்கே கடிபட வேண்டும். சில இடங்களில் பருப்பே போடாமல் சுடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

தட்டுவடை தேறிவிட்டால் சட்னியைப் பாருங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் கட்டியாக நழுவ வேண்டும். ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் ஒன்று நீர்க்க அரைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் அரைத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. பச்சைச் சட்னியில் கொத்தமல்லி, புதினா. நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தால் வேண்டாம். சிவப்புச் சட்னியில் மிளகாயும் பூண்டும். பூண்டின் காரமே அதை நசுக்கும்போதுதான் பிறக்கிறது. முழுப் பல்லில் அந்த நெடி இருக்காது. அதனால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அரைக்கிற வண்டியைத் தேடுங்கள். நேற்றைய பூண்டுச் சட்னி நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

ஒரு சித்திரை மாதம் ஒரு வண்டியில் சட்னி லேசாகப் புளித்த வாடை அடித்தது. பசி. சரி, பரவாயில்லை என்று சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டேன். இது அடுப்பில் ஏறாத சட்னி, பச்சைக் காய்கறி. வேகவைத்த பண்டம் கொடுக்கும் பாதுகாப்பு இதில் கிடையாது. தண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறார்கள், பாத்திரம் மூடியிருக்கிறதா, காசு வாங்கும் கையும் பீட்ரூட் அள்ளும் கையும் ஒன்றா என்று கவனிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. கணவன் காசு வாங்க, மனைவி செட் போடும் வண்டிகள் எனக்கு எப்போதும் திருப்தி.

பீட்ரூட்டைப் பற்றி ஒரு விஷயம். துருவியதும் அது தண்ணீர் விடும். நல்ல வண்டியில் துருவலைப் பிழிந்துவிட்டுத்தான் கிண்ணத்தில் போடுவார்கள். வெங்காயத்தில் உப்புப் போட்டு வைக்க மாட்டார்கள். உப்புப் பட்டால் வெங்காயமும் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். கிண்ணத்தின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தால் உங்கள் செட் அரை நிமிடத்தில் ஊறிவிடும்.

அதனால் சாப்பிடும் முறைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள். பிளேட் கைக்கு வந்ததும் போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். என் மகள் முதல் பிளேட்டைப் படம் எடுத்து முடிப்பதற்குள் கடைசி இரண்டு செட் மெத்தென்று ஆகிவிட்டது. அடுத்த வண்டியில் போனை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டாள். ஒரு செட்டைக் கடித்துச் சாப்பிட முடியாது, பாதி கீழே விழும். முழுசாக வாயில் போட்டு ஒரே கடி. முதலில் உடைகிற சத்தம் காதுக்குள் கேட்கும், பிறகு பீட்ரூட்டின் இனிப்பு, புதினாவின் குளிர்ச்சி, கடைசியில் பூண்டும் மிளகாயும் தொண்டையில் இறங்கும். இந்த வரிசை கலையாமல் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் அது நல்ல செட். போட்டதும் காரம் மட்டும் முந்திக்கொண்டு அடித்தால், வேறு எதையோ மறைக்கக் காரம் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

"காரம் தூக்கலா போடட்டுங்களா?" என்று கேட்பார்கள். முதல் தடவை "அளவா போடுங்க" என்பதே சரி. காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடிப்பதில் பயனில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. மோர் குடியுங்கள், அதிலிருக்கும் பால் புரதம் காரத்தைப் பிடித்துக்கொண்டு போகும். நான் ஸ்கூட்டரில் ஒரு மோர் பாட்டில் எப்போதும் வைத்திருப்பேன்.

எங்கே போவது? ஒரே நாளில் ஊரைச் சுற்ற நினைக்காதீர்கள். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று வண்டி போதும், இரண்டு பேருக்கு ஒரு பிளேட். நாலாவது வண்டிக்குப் போனால் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

நாங்கள் முதல் நாள் செவ்வாய்ப்பேட்டையில் ஆரம்பித்தோம். லீ பஜாரில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர்கள் பசியோடு நிற்கும் வண்டிகளில் தட்டுவடை தேங்காது, சுட்டது சுட்டபடி தீரும். அங்கிருந்து அக்ரஹாரத் தெருக்கள். முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம் பக்கமெல்லாம் கடைவீதிக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் நெருக்கும், ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் நல்லது. இரண்டாம் நாள் குகை. அங்கே எனக்குப் பழக்கமான வண்டிகளில் காரம் ஒரு பிடி கூடுதல், பூண்டு தாராளம். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு, சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை பார்க்கக் குகைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கென்று வேறு இடம் தேட வேண்டாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவசரமாகப் போட்டுத் தருவதை வைத்து எந்த வண்டியையும் எடைபோடாதீர்கள். மூன்றாம் நாள் அம்மாப்பேட்டை. என் மனசுக்குப் பிடித்த செட் அங்கே ஒரு தறிக்காரர் தெரு முனையில் இருக்கிறது. பலகை கிடையாது, ஒரு அக்காவும், பெட்ரோமாக்ஸ் போன பிறகு வந்த ஒரு எல்இடி விளக்கும்தான்.

புது வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மகள் கேட்டாள். கூட்டத்தைப் பார்க்காதே, கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார் என்றேன். வெளியூர்ப் பதிவெண் பைக்குகள் நிறைய நின்றால் யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸைக் கொடுத்தனுப்பி, "அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று குழந்தைகள் நிற்கும் வண்டியில் தைரியமாகச் சாப்பிடலாம். அந்தத் தெருப் பெண்கள் தினம் பார்த்துத் தேர்ந்தெடுத்த வண்டி அது.

ஐந்து ரோடு, பேர்லேண்ட்ஸ், சாரதா கல்லூரி சாலைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் சீஸ், மயோனைஸ் வைத்தெல்லாம் செட் கேட்டு வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொழுப்பு நாக்கில் படிந்து பச்சைச் சட்னியின் வாசத்தை அமுக்கிவிடுகிறது.

சாதா செட்டில் ஒரு வண்டி தேறிய பிறகுதான் மற்ற வகைகளுக்குப் போக வேண்டும். பூண்டு செட், முறுக்கு செட், மாங்காய் செட் என்று வரிசையாகச் சொல்வார்கள். மாங்காய் செட்டைச் சித்திரை, வைகாசியில் சாப்பிடுங்கள். கிளிமூக்கு மாங்காயைப் பச்சையாகத் துருவி வைத்தால் எலுமிச்சை எதற்கும் தேவைப்படாது. சாயங்காலத்தின் கடைசியில் நொறுக்கல். தட்டுவடையை உடைத்துப் போட்டு, சட்னியும் காயும் ஒன்றாகக் கலந்து தருவது. இதில் உடைந்த தட்டுவடைகளைத் தீர்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல வண்டியில் முழுசு எடுத்துக் கண் முன்னால் உடைப்பார்கள். நொறுக்கலை மட்டும் கரண்டியால், வேகமாகச் சாப்பிட வேண்டும். இதே ருசி பிடித்துவிட்டால் ஒரு நாள் கரூர் போய்க் கரம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பொரியும் முறுக்கும் தட்டுவடையும் சட்னிகளும் சேர்ந்த அதன் கணக்கே வேறு.

மழை நாளில் கிளம்பாதீர்கள். ஐப்பசி ஈரக்காற்றில் டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடும்போதே தட்டுவடை நமுத்துவிடும், வண்டிக்காரர் மேல் தப்பில்லை. மாசி, பங்குனியின் வறண்ட சாயங்காலம்தான் இதற்கு நேரம்.

வீட்டுக்கு வாங்கிப் போவதானால் "தனித்தனியா கட்டிக் குடுங்க" என்று சொல்லுங்கள். தட்டுவடை ஒரு பொட்டலம், சட்னிகள், காய் வேறு வேறு. டப்பா கொண்டுபோனால் இன்னும் நல்லது. செய்தித்தாளில் மடித்துத் தந்தால் வாங்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் 2018 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே அதைத் தடைசெய்திருக்கிறார்கள். வீட்டில் தடவும்போது சட்னியை நடுவில் மட்டும் வையுங்கள், ஓரம் விட்டுவிடுங்கள். ஒருவர் போட, மற்றவர்கள் உடனே சாப்பிட வேண்டும். தட்டு நிறைய அடுக்கிவைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிடுவது ஆகாது.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது அம்மாப்பேட்டை அக்காவிடம் 50 தட்டுவடை மட்டும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். "சட்னி அங்க அரைச்சுக்குவியா கண்ணு?" என்று அந்த அக்கா அவளிடம் கேட்டது. அரைத்தாளாம். பூண்டை அம்மியில் தட்டாமல் மிக்ஸியில் போட்டதால் சரியாக வரவில்லை என்று ராத்திரி போனில் சொன்னாள். அடுத்த தடவை வரும்போது சின்ன உரல் ஒன்று கேட்டிருக்கிறாள்.