டர்பைனைக் கடந்த மீன்களின் காயங்கள்: மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலம்பியா ஆற்றின் மேற்பகுதியில் பிறக்கும் சினூக் சால்மன் குஞ்சுகள், பல அணைகளைக் கடந்து, கடைசியாக 1938இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய போனவில் அணையையும் தாண்டியே கடலை அடைகின்றன. அணைகளின் டர்பைன்களைக் கடக்கும்போது அவற்றுக்கு ஏற்படும் காயங்களைப் பதிவுசெய்யப் புதிதாக வருபவர்கள் சிறு பிழைகளைத் தாமே திருத்திக்கொள்வார்கள். பின்வருபவை அப்படித் திருந்துவதில்லை.

ஒப்பீட்டு மீன்களைத் தொட்டியிலேயே வைத்திருத்தல்

கடலுக்குச் செல்லும் பருவத்தில் இளஞ்சால்மனின் செதில்கள் மிகத் தளர்ந்திருப்பதால், ஈரக் கையால் தூக்கினாலும் வெள்ளிப் பொடியாக விரலில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய மீன் டர்பைனைத் தாண்டி, பிடிவலையின் கோடியில் நீரோட்டத்தால் அழுத்தப்பட்டுக் கிடந்த பிறகே நம் கைக்கு வருகிறது. விலாவில் செதில் உதிர்ந்தது டர்பைனாலா வலையாலா என்பதை அந்த மீனை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. வலையையே காணாத தொட்டி மீன், வலை செய்த சேதத்தை எப்படிக் காட்டும்? ஒப்பீட்டு மீன்களை, அதாவது டர்பைனைக் கடக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுபவற்றை, அதே தொகுதியிலிருந்து எடுத்து, அதே வகைக் குழாய் வழியே டர்பைனின் வெளிவாயில் விட்டு, அதே அளவு நேரம் வலையில் இருக்கச் செய்ய வேண்டும். டர்பைனைக் கடந்தவற்றில் நூற்றுக்கு 88, ஒப்பீட்டு மீன்களில் 95 பிழைத்தன என்று கொண்டால், டர்பைனைக் கடந்து பிழைக்கும் விகிதம் 88ஐ 95ஆல் வகுத்துக் கிடைக்கும் ஏறத்தாழ 92.6 விழுக்காடு. ஒப்பீடு இல்லையேல் 12 சாவுகளும் டர்பைனின் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு நிலையத்தில் ஒரு குழு ஒப்பீட்டு மீன்களைத் தொட்டியிலேயே வைத்து வசந்தகால வலசை முழுவதையும் செலவிட்டது. வலையின் பங்கு எவ்வளவு என்று நிலையத்தார் கேட்டபோது பதில் இல்லை. அறிக்கை முழுவதும் ஒதுக்கப்பட்டது. டர்பைன் தகடு பட்டு முதுகெலும்பு முறிந்த மீன்களின் பதிவுகளும் அதோடு போயின என்பதே எனக்கு இன்றும் ஆறாத கோபம். மறு ஆய்வுக்கு அடுத்த வலசை வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை அந்த டர்பைன் எந்த மாற்றமும் இன்றி ஓடியது.

ஆழத்தை மறத்தல்

ஆழத்தில் பழகிய மீனின் காற்றுப்பையிலுள்ள வாயு, டர்பைனுக்குள் அழுத்தம் சட்டென்று விழும்போது விரிந்து பையைக் கிழிக்கக்கூடும். ஆழமற்ற தொட்டியில் வைத்திருந்த மீனில் அந்த வாயு குறைவு; எனவே காயமும் குறைவாகவே தெரியும். காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு வழியில்லாத பெர்ச் போன்ற மீன்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சால்மனில் கண்ட முடிவை அவற்றுக்குப் பொருத்தக் கூடாது.

உயிரோடிருப்பதை நலமெனப் பதிவுசெய்தல்

உயிரோடு வந்த மீனைக் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகும் பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளித்தோற்றத்தோடு நிறுத்துதல்

இறந்த மீனை உறைய வைக்காமல் அன்றே அறுத்துக் காற்றுப்பையையும் உட்கசிவையும் பார்த்துவிட வேண்டும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே எடுங்கள்.