கண் மருந்து: சொட்டு முதலில், களிம்பு கடைசியில்

கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்து ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும்; கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக உள்ள கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான் என்பதால், நீர்த்த சொட்டு மருந்தின் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்தோ, மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கியோ சில நிமிடங்களில் போய்விடுகிறது. மருந்து விட்டபின் தொண்டையில் கசப்பது இதனால்தான். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு சொட்டு விடுவதால் பயன் கூடாது. ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்ணோரத்தை விரல்நுனியால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்வதே மருந்தைக் கண்ணில் நிறுத்தும்.

கெட்டியான மருந்து கூடுதல் நேரம் தங்கும். கண் நீர் அழுத்த நோய்க்கான டிமோலால் மருந்தைச் சாதாரணச் சொட்டாக எழுதினால் பொதுவாக நாளுக்கு இருமுறையும், கண்ணில் பட்டதும் கூழாக மாறும் வகையாக எழுதினால் ஒருமுறையும் விடச் சொல்வார்கள். பெயர் ஒன்றுதானே என்று கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிட வேண்டாம். களிம்பு நெடுநேரம் ஒட்டியிருந்தாலும் பார்வையை மங்கச் செய்வதால், மருத்துவர் வேறு நேரம் குறிப்பிடாதவரை உறங்கப்போகும்போது இடுவது நல்லது. அதன் எண்ணெய்ப் படலம் பின்னர் விடும் சொட்டைத் தடுத்துவிடும் என்பதால், எப்போதும் சொட்டை முதலில் விட்டு, குறைந்தது 5 நிமிடம் கழித்தே களிம்பை இட வேண்டும்.