வீட்டில் மரவேலை: ஈரப் பலகையும் இன்னும் சில தவறுகளும்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்தான் என் பட்டறை. சனி, ஞாயிறு காலையில் காரை வெளியே நிறுத்திவிட்டு, சக்கரம் வைத்த டேபிள் சா என்கிற மரம் அறுக்கும் மெஷினை நடுவில் தள்ளி வைத்தால் வேலை ஆரம்பம். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்த இளைஞர்களில் நாலைந்து பேர் இப்போது சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டார்கள். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

போன மாதம் அவர்களில் ஒரு தம்பி படம் ஒன்று அனுப்பினான். "அண்ணே, சாப்பாட்டு மேசைக்குப் பலகை எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஒட்டிடலாமா?" என்று கேட்டிருந்தான். நல்ல நியாத்தோ பலகை. படத்தைப் பார்த்ததும் எனக்கு என் அக்கா வீட்டு மேசை ஞாபகம் வந்துவிட்டது. உடனே கூப்பிட்டு, "ஒட்டாதே, நான் வர்றேன்" என்றேன்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், இரண்டு தடவை அளந்து பாருங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்த, பார்த்த மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## "காய்ந்த மரம்தான்" என்று நம்பி ஒட்டுவது

2016இல் அக்கா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோவுக்குக் குடிபோனார். புது வீட்டுக்கு என் கையால் மேசை செய்து தருவதாகச் சொன்னேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம். பலகைக்கு மட்டும் கிட்டத்தட்ட 900 ரிங்கிட் ஆனது. கடைக்காரரிடம் காய்ந்த மரமா என்று கேட்டேன். சூளையில் காய வைத்ததுதான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சூளையிலிருந்து வந்த பலகை மாதக்கணக்கில் திறந்த கொட்டகையில் கிடந்திருக்கிறது. காய்ந்த மரம் காய்ந்தபடியே இருந்துவிடாது. சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் விட்டுவிடும். நம் ஊர்த் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகை, எத்தனை நல்ல சூளையிலிருந்து வந்திருந்தாலும், 15, 16 சதவீத ஈரத்துக்குத் திரும்பிவிடும்.

நான் அப்போது படித்தும் பார்த்தும் கற்றதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்களிடமிருந்து. "பலகையை வாங்கி வந்து இரண்டு வாரம் உங்கள் பட்டறையில் வையுங்கள், பழகிக்கொள்ளும்" என்பார்கள். அப்படியே செய்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். அவர்கள் பட்டறையில் சூடேற்றி வைத்திருப்பார்கள். அங்கே இருக்கும் காற்றும் அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கும் காற்றும் ஏறக்குறைய ஒன்று. என் பட்டறையோ மூன்று பக்கமும் திறந்த போர்ச். இரண்டு வாரத்தில் அந்தப் பலகை பினாங்குக் காற்றுக்குத்தான் பழகியது. போகப்போகிற இடமோ பகல் முழுக்க ஏர்கோன் ஓடும் ஹால். அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அந்த மாதிரி அறையில் மரத்தின் ஈரம் 10, 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஈரம் இறங்கினால் பலகை சுருங்கும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்காது. அகலவாக்கில்தான் சுருங்கும். கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: ஈரம் 4 சதவீதம் குறைந்தால், சாதாரணமாக அறுத்த பலகை அகலத்தில் சுமார் 1 சதவீதம் குறையும். ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, அறுத்த பலகை என்றால் ஏறக்குறைய அதில் பாதி. என் மேசை 900 மில்லிமீட்டர் அகலம். அதாவது எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் சுருங்கியே தீர வேண்டிய மரம். அது சுருங்க முடியாதபடி எல்லா வழியையும் நானே அடைத்து வைத்திருந்தேன். அடியில் நான்கு குறுக்குச் சட்டம், பசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஆறு ஸ்குரூ. இரண்டு முனையிலும் அழகுக்காகக் குறுக்குப் பலகை, அதுவும் முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டியது. உறுதியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தார். "தம்பி, ஹால்ல பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சுடா. மேசைதான்." அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். நடுப்பலகையில் முனையிலிருந்து இரண்டடி நீளத்துக்கு வெடிப்பு. ஐம்பது சென் காசு இரண்டைச் சேர்த்து நிறுத்தி நுழைத்தேன், நுழைந்தது. ஒட்டு விடவில்லை, பசை அப்படியே இருந்தது. மரம்தான் கிழிந்திருந்தது. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேலே ஒரு மேசைத்துணியை விரித்துவிட்டார். அந்தத் துணி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பலகையைச் செய்கிற இடத்துக்குப் பழக்காதீர்கள், அது வாழப்போகிற இடத்துக்குப் பழக்குங்கள். ஏர்கோன் அறைக்குப் போகிற மேசை என்றால் பலகையை ஏர்கோன் ஓடும் அறையில் அடுக்குங்கள். பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள குச்சி வைத்து, காற்று எல்லாப் பக்கமும் போகிற மாதிரி அடுக்க வேண்டும். வீட்டில் முணுமுணுப்பு வரும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

எத்தனை நாள் என்று நாள் கணக்கு வைக்காதீர்கள், எடை பாருங்கள். பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சாண் துண்டு அறுத்து, ரேகை தெரியும் இரண்டு முனைக்கும் பெயிண்டோ மெழுகோ பூசிவிடுங்கள். பூசாவிட்டால் முனை வழியாக ஈரம் சீக்கிரம் போய், பெரிய பலகைக்கு முன்பே துண்டு காய்ந்துவிடும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அந்தத் துண்டைப் பலகையோடு சேர்த்து அடுக்கி, வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் வைத்து எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் ஒட்டலாம். ஊசி வைத்துப் பார்க்கும் ஈரமானி 100 ரிங்கிட்டுக்குக் குறைவாகவே கிடைக்கிறது, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது தோலில் உள்ள ஈரத்தைத்தான் சொல்லும். ஒரு முனையை அறுத்து, புதிதாக அறுத்த முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எவ்வளவு பழக்கினாலும் மரம் அசைந்துகொண்டுதான் இருக்கும். குறுக்குச் சட்டத்தில் ஸ்குரூவுக்கு வட்ட ஓட்டை வேண்டாம், நீள ஓட்டை போடுங்கள். நடுவில் உள்ள ஒரு ஸ்குரூ மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், மற்றவை நகர இடம் வேண்டும். சட்டத்துக்கும் மேல்பலகைக்கும் நடுவில் பசையே கூடாது. வார்னிஷ் மேல்பக்கம் எத்தனை கோட்டோ அடிப்பக்கமும் அத்தனை கோட்டு. அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால், ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் மெதுவாகவும் காய்ந்து பலகை தட்டு மாதிரி குழிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏர்கோன் அறையில் வைத்துச் செய்த சாமி அலமாரியைக் காற்றோட்டமான தரை வீட்டுக்குக் கொடுத்தால் மரம் உப்பும். மழைக்காலத்தில் கற்பூரம் வைக்கும் டிராயர் திறக்காது. அதற்கு டிராயரின் மேலே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

## பிளவுத் தகட்டைக் கழற்றிவிடுவது

டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்த மெல்லிய தகடு இடைஞ்சல் மாதிரி தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதுவும் ஈர மரத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்தான். சரியாகக் காயாத பலகையின் உள்ளே இழுவிசை இருக்கும். அறுக்க அறுக்க, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடின் பின்புறத்தைக் கவ்வும். அந்த வாயை மூடவிடாமல் பிடிப்பதுதான் தகட்டின் வேலை. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பின்பக்கத்துப் பல் மரத்தைத் தூக்கினால் அது உங்கள் வயிற்றை நோக்கித்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விலா எலும்பில் விரிசல் விட்டது. தகட்டை இருந்த இடத்தில் மாட்டுங்கள். தள்ளுகோலைக் கை எட்டும் தூரத்தில் தொங்கவிடுங்கள். பிளேடுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

## கையுறை

சுற்றும் பிளேடுக்கு அருகில் கூடாது. நூல் சிக்கினால் விரலும் கூடப் போகும்.

## இலவசமாகக் கிடைக்கும் ரப்பர் மரம்

எங்கள் தாத்தா கெடாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் காலத்தில் வயதான ரப்பர் மரம் விறகுக்குத்தான் போகும். 25, 30 வருடம் பால் கொடுத்த மரத்தை இன்று நாற்காலியாக்கி உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறோம். அந்த மரத்தில் வேலை செய்ய எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வெளிர் நிறம், இழைப்புளிக்கு அடங்கும், பிசிறு வராது.

ஆனால் தோட்டத்தில் மரம் சாய்த்தார்கள் என்று தெரிந்தவர் மூலம் கட்டையைக் கொண்டுவந்து, அப்படியே அறுத்து அலமாரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். சாய்த்த சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு வரும். ஆலைகளில் அறுத்த கையோடு போரான் மருந்தை அழுத்தி ஏற்றிச் சூளையில் காய வைப்பது அதனால்தான். வீட்டில் அது முடியாது. அலமாரிக்கு அடியில் மைதா மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் மற்ற மரச் சாமானுக்கும் பரவும். மருந்தேற்றிய பலகையைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

## பிளைவுட் 18 மில்லிமீட்டர் என்று நம்பி, அது உட்காரும் காடியை (பள்ளத்தை) வெட்டுவது

கேலிப்பர் வைத்துப் பாருங்கள். 17 இருக்கும், சில ஷீட்டில் அதுவும் இருக்காது.

## சுருட்டிய வயரில் மெஷின் ஓட்டுவது

1,600 வாட் மெஷின் நம் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலேயே விட்டு ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே தோல் உருகும். முழுக்க விரித்துவிடுங்கள்.

## மழைக்கு முன் லேக்கர் அடிப்பது

சாயங்காலம் மழை கட்டி நிற்கும்போது அடித்தால் காற்றின் ஈரம் பூச்சில் மாட்டிக்கொண்டு வெள்ளை படரும். காலையில் அடியுங்கள்.

## எண்ணெய்த் துணி

லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட்டுவிட்டு, பிறகு எறியுங்கள்.

## அந்தத் தம்பியின் பலகை

அவன் வீட்டுக்குப் போய் ஒரு துண்டு அறுத்து, புது முகத்தில் ஈரமானியைக் குத்தினேன். 18 காட்டியது. பலகையெல்லாம் இப்போது அவனுடைய ஏர்கோன் படுக்கையறையில் குச்சி வைத்து அடுக்கியிருக்கிறது. மெழுகு பூசிய துண்டு முதல் நாள் 452 கிராம் இருந்தது. நேற்று ராத்திரி படம் அனுப்பினான், 436. இன்னும் இறங்குகிறது. பசையைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.