இருவாச்சி முதல் பூநாரை வரை: உயிரியல் பூங்காக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘அயல்நாட்டுப் பறவைகள்’ என்று ஒரு பலகை மாட்டி, அதன் கீழே இருவாச்சி, டூகான், மக்காவ் கிளி, பூநாரை என்று வரிசையாகக் கூண்டுகள் வைப்பது உயிரியல் பூங்காக்களில் வழக்கம். பார்க்க வருபவருக்கு அது போதும். பராமரிப்பவரும் அதே கண்ணோடு பார்த்தால்தான் சிக்கல். நிறத்தையும் அலகையும் வைத்து ஒரு கும்பலாகச் சேர்த்த இந்தப் பறவைகளுக்கு உணவு வேறு, கூடு வேறு, குடும்பம் நடத்தும் விதமும் வேறு. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

டூகானையும் இருவாச்சியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பெரிய அலகு, இரண்டும் பழம் தின்னும். ஆனால் டூகான் அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் வாழ்வது, மரங்கொத்தியின் சொந்தம். இருவாச்சி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும், கிழக்கே சாலமன் தீவுகள் வரையிலும் வாழ்வது. கொண்டலாத்தி அதற்கு உறவு. டூகான் பொந்தில் முட்டையிடும், ஆனால் வாசலை அடைக்காது. இருவாச்சிகளில் பெரும்பாலானவை அடைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டால், எத்தனை ஆண்டுகள் ஜோடியாக வைத்திருந்தாலும் குஞ்சு பார்க்க முடியாது.

உணவில் நடக்கும் தவறு

எல்லாப் பறவைக்கும் ஒரே தட்டு என்பது மிகவும் ஆபத்தான பழக்கம். பழம் தின்னும் டூகான், மைனா, சொர்க்கப் பறவை, இருவாச்சி போன்றவற்றின் உடலில் இரும்புச்சத்து எளிதில் தேங்கிவிடும். இவை வாழும் காடுகளில் கிடைக்கும் பழங்களில் இரும்பு குறைவு. அதனால் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்படி குடல் பழகியிருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கூண்டில் இரும்பு மிகுந்த தீவனம் கிடைக்கும்போதும் அந்தக் குடல் அதே வேலையைத்தான் செய்கிறது. கல்லீரலில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும். வெளியே பெரிதாக அறிகுறி எதுவும் தெரியாது. நேற்று வரை நன்றாகத் தின்றுகொண்டிருந்த டூகான் காலையில் கூண்டின் தரையில் செத்துக் கிடக்கும்.

நாய்த் தீவனத்தை ஊறவைத்துப் பழத்தோடு பிசைந்து கொடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டியது இதனால்தான். தொட்டதற்கெல்லாம் மாட்டிறைச்சியும் ஈரலும் வைப்பதும் அப்படியே. இரும்பு தேங்கும் பறவைகளுக்கு ஒரு கிலோ உலர் தீவனத்தில் இரும்பு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. பையின் மேல் ‘பழந்தின்னிகளுக்கு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல் இந்த அளவைத் தேடிப் பாருங்கள். இன்னொன்று, ஆரஞ்சு, சாத்துக்குடி போன்ற புளிப்புப் பழங்கள். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும் என்பதால், தீவனத்தோடு சேர்த்து இவற்றைக் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் விடுவதுதான்.

அதற்காக எல்லா இருவாச்சிக்கும் பழத்தட்டு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆப்பிரிக்காவின் தரை இருவாச்சிகள் ஏறக்குறைய முழு வேட்டைக்காரர்கள். பூச்சி, பல்லி, பாம்பு, எலி என்று நடந்தே பிடித்துத் தின்பவை. லோரி கிளிகளோ பூந்தேனையும் மகரந்தத்தையும் நக்குவதற்கென்று தூரிகை போன்ற நாக்கு உடையவை. கிளிதானே என்று அவற்றுக்கு வெறும் விதையைக் கொட்டுவதும் தவறுதான்.

கூடு கட்டும் காலம்

பூங்காக்கள் மிகவும் தடுமாறுவது இங்கேதான். மலை இருவாச்சியின் பெண் பறவை பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் கொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். அதன் வழியாக ஆண் பறவை உணவு ஊட்டும். அடைகாக்கும் காலம் மட்டுமே ஏறக்குறைய 40 நாள். மொத்தத்தில் பெண் உள்ளே இருப்பது மூன்று நான்கு மாதம் வரை நீளலாம். பல இனங்களில் உள்ளே இருக்கும்போதே பெண்ணின் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும்.

‘பத்து நாளாகப் பறவையைக் காணவில்லை, என்ன ஆயிற்றோ’ என்று அடைப்பை உடைத்துப் பார்ப்பது தப்பு. சிறகு உதிர்ந்த நிலையில் அதனால் பறக்க முடியாது, திரும்பி வந்து அடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால், கூடு வைக்கும்போதே உள்ளே ஒரு சிறிய கேமராவைப் பொருத்திவிடுவது நல்லது.

கூடு என்று ஒரு பீப்பாயை மாட்டினால் போதாது. வாசல் பறவை கஷ்டப்பட்டு நுழையும் அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். அகலமான வாசலை அடைக்க முடியாமல் பல பெண் பறவைகள் முயற்சியையே விட்டுவிடும். உட்காரும் தளம் வாசலுக்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் கீறலுக்கு அலகு எட்டும். பொந்தின் மேற்பகுதியில் உயரமான வெற்றிடமும் தேவை, ஏனென்றால் ஆபத்து என்று தோன்றினால் இருவாச்சி மேலே ஏறி ஒளியும். களிமண்ணையும் ஈர மண்ணையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மண் கொண்டு அடைக்கும் இனங்களுக்கு அது இல்லாவிட்டால் எதுவும் நடக்காது.

அப்புறம், வெளியே தெரிவது ஆண் மட்டும்தானே என்று ஒரு பறவைக்கு அளந்து உணவு வைத்துவிடுவார்கள். அந்த ஆண்தான் ஒரு குடும்பத்துக்கே தூக்கிக்கொண்டு போகிறது. குஞ்சு பொரித்ததும் பூச்சி, சுண்டெலி போன்ற புரத உணவையும் கூட்ட வேண்டும்.

ஜோடி சேர்ப்பதிலும் அவசரம் கூடாது. ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஒரே கூண்டு என்று கணக்குப் போட்டால் ஒரு பறவை அடிபட்டுச் சாகக்கூடும். முதலில் வலைக்கு இரண்டு பக்கமும் வைத்து, ஆண் வலை வழியே பெண்ணுக்குப் பழம் ஊட்டுகிறதா என்று பார்ப்பது பழைய முறைதான், இன்றும் நல்ல முறைதான். சிறிய பறவைகளோடு சேர்த்து விடுவதையும் மறந்துவிடுங்கள். இருவாச்சிக்குக் குருவியும் குருவி முட்டையும் உணவு.

தரை இருவாச்சிகளில் வேறு ஒரு சிக்கல். தெற்கத்திய தரை இருவாச்சி பெரும்பாலும் இரண்டு முட்டையிடும், வளர்வது ஒரு குஞ்சுதான். சாகப் போகும் இரண்டாவது குஞ்சை எடுத்து வளர்ப்பது நல்ல யோசனை, தென்னாப்பிரிக்காவில் இதைப் பாதுகாப்புப் பணியாகவே செய்கிறார்கள். ஆனால் மனித முகத்தை மட்டும் பார்த்து வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக நினைத்துவிடும். பெரியதானதும் பராமரிப்பாளரிடம் கொஞ்சும், இல்லையென்றால் எல்லைக்குப் போட்டியாக வந்தவர் என்று தாக்கும். அதன் காட்டுக் கூட்டத்தில் ஒரு ஜோடிதான் இனப்பெருக்கம் செய்யும், மற்றவை உதவிக்கு நிற்கும். அந்த உதவியாள் பருவத்தைக் கடக்காத பறவையிடம் பெற்றோர் வேலையை எதிர்பார்க்க முடியாது.

பூநாரைகளுக்கோ கும்பல் வேண்டும். நாலைந்தை மட்டும் குளத்தில் விட்டுவிட்டு முட்டைக்குக் காத்திருப்பது வீண். கூட்டம் பெரிதாகத் தெரியட்டும் என்று கண்ணாடி வைத்துப் பார்த்த பூங்காக்களும் உண்டு. பறந்துவிடாமல் இருக்க இறக்கை நுனியை வெட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆண் பூநாரை பெண்ணின் முதுகில் ஏறி நிற்க இறக்கையால்தான் சமநிலை பிடிக்கிறது. வெட்டினால் கரு கூடாத முட்டைகள் அதிகமாகும். மேலே வலை போடச் செலவு அதிகம் என்பது உண்மை, ஆனாலும் வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அலகும் தொப்பியும்

இருவாச்சியின் அலகுக்கு மேல் புடைத்திருக்கும் தொப்பி பெரும்பாலான இனங்களில் உள்ளே வெற்றிடமாக இருக்கும், எடை குறைவு. தலைக்கவச இருவாச்சியில் மட்டும் முன்பகுதி கெட்டியானது; அதைச் செதுக்கி விற்கவே வேட்டையாடி, அந்த இனத்தை 2015-ல் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தொப்பியில் விழும் வெடிப்பைக் கிளையில் உரசியதுதான் என்று விட்டுவிடக் கூடாது. மலை இருவாச்சிகளுக்கு அங்கே புற்றுநோய் வருவதுண்டு. சிங்கப்பூர் ஜூரோங் பறவைப் பூங்காவில் ஜேரி என்ற ஆண் பறவைக்கு 2018-ல் அப்படி வந்தது. பாதித்த பகுதியை வெட்டியெடுத்து, முப்பரிமாண அச்சில் செய்த தொப்பியைப் பொருத்தினார்கள். ஜேரி தன் வாலடிச் சுரப்பியின் மஞ்சள் எண்ணெயை அந்தப் புதுத் தொப்பியிலும் பூசிக்கொண்டது. மலை இருவாச்சியின் மஞ்சள் நிறத்தில் பெரும்பங்கு இப்படித் தானே பூசிக்கொள்வது. அழுக்கு என்று நினைத்து யாரும் கழுவ வேண்டாம்.

எலி, விஷம், நாணயம்

எலி எச்சத்திலிருந்து பரவும் யெர்சினியா கிருமி டூகான்களைச் சட்டென்று கொன்றுவிடும். அதனால் எலியை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் விஷம் வைத்து அல்ல. விஷம் தின்ற எலி தள்ளாடிக்கொண்டு கூண்டுக்குள் வந்தால் இருவாச்சி அதை ஒரே கொத்தில் எடுத்துவிடும். நியூயார்க் சென்ட்ரல் பார்க் உயிரியல் பூங்காவில் 2023 பிப்ரவரியில் யாரோ வலையை வெட்டியதால் வெளியேறிய ஃபிளாக்கோ என்ற ஆந்தை, ஓர் ஆண்டு நகரத்தில் எலி பிடித்து வாழ்ந்து, கட்டடத்தில் மோதிச் செத்தது. பிரேதப் பரிசோதனையில் அதன் உடலில் எலி விஷமும், புறாக்களிடமிருந்து தொற்றும் வைரஸும் இருந்தன. பொறியும், எலி நுழையாத தீவன அறையும், மாலையில் தட்டை எடுத்துவிடுவதும்தான் பாதுகாப்பான வழி.

துத்தநாகப் பூச்சுள்ள புதுக் கம்பி வலையைக் கழுவித் தேய்க்காமல் மக்காவ் கிளிகளுக்குப் போட்டால், அவை அதைக் கடித்துக் கடித்தே நஞ்சேறிவிடும். பார்வையாளர்கள் குளத்தில் எறியும் நாணயத்திலும் இதே ஆபத்து உண்டு. 1982-க்குப் பிந்தைய அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் ஏறக்குறைய முழுக்கத் துத்தநாகம். கூண்டுக்குள் நாணயம் விழுவதைப் பார்த்தால் பராமரிப்பாளரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். பறவை விழுங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், சீக்கிரம் தெரிந்தால் எடுத்தும் விடலாம்.