பனிக்காலத்தில் தேனீப் பெட்டி: குளிரைவிட ஈரத்தைக் கவனியுங்கள்

ஒன்ராறியோவில் புதிதாகத் தேனீ வளர்ப்பவர்கள் குளிர் தொடங்கியதும் முதலில் கேட்பது, பெட்டியை எதால் போர்த்துவது என்றுதான். போர்த்துவது கடைசி வேலை. வெப்பநிலை 14 பாகைக்குக் கீழே இறங்கும்போது தேனீக்கள் ராணியை நடுவில் வைத்துத் திரண்டு, தேனைத் தின்று, பறக்கும் தசைகளை அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். தெம்பும் தீனியும் உள்ள கூட்டம் மைனஸ் 20ஐயும் தாங்கும். நனைந்த கூட்டம் தாங்காது.

ஓகஸ்ட்: உண்ணி

பனிக்காலத்தைக் கடக்கப்போகும் தேனீக்கள் ஓகஸ்ட் கடைசியிலிருந்து பிறக்கின்றன. கோடைத் தேனீக்கு ஆறு வாரம்தான் ஆயுள். இவை ஐந்தாறு மாதம் வாழவேண்டும். புழுப்பருவத்திலேயே தேனீயின் உடம்பை உறிஞ்சும் வரோவா உண்ணி பிடித்தால் அது நடக்காது. அரைக் கோப்பைத் தேனீக்களை (சுமார் 300) மதுசாரத்தில் குலுக்கி, விழும் உண்ணிகளை எண்ணுங்கள். ராணி அதில் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 100 தேனீக்கு 3 உண்ணி என்றால் உடனே மருந்து. ஐசிங் சீனியில் குலுக்கினால் தேனீ சாகாது, உண்மைதான். ஆனால் உண்ணி முழுவதும் விழாது. என் தேர்வு மதுசாரமே.

செப்ரெம்பர்: தீனி

இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த பாகு வையுங்கள். கூட்டுக்கு ஏறக்குறைய 30 கிலோ இருப்பு வேண்டும். இரண்டடுக்குப் பெட்டியில் மேலடுக்கு முழுவதும் தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு பாகு வைக்காதீர்கள். குளிரில் தேனீக்களால் அதை வற்றவைத்து மெழுகால் மூடமுடியாது.

ராணித் தடுப்பை (ராணியை மேலடுக்குக்குப் போகவிடாத கம்பித்தட்டு) கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் தேனைத் தேடி மேலே போகும், ராணி கீழே விறைத்துப்போகும். வாசலுக்கு எலித்தடுப்பு. சரி, இனி முக்கியமானது.

ஈரம்

ஒரு கிலோ தேன் உடம்பில் எரியும்போது அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அந்த ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, சோற்றுப்பானை மூடி வியர்ப்பதுபோல் வியர்த்து, கூட்டத்தின் தலையிலேயே சொட்டுகிறது. ஆகவே மூடி குளிரக்கூடாது, ஆவிக்கு வழியும் வேண்டும்.

உள்மூடிக்கு மேலே 5 செ.மீ. நுரைப்பலகை வைத்து, விரல் நுழையுமளவுக்கு ஒரு மேல்வாசல் விட்டாலே பெரும்பாலும் போதும். எனக்குப் பிடித்தது மரச்சீவல் பெட்டி. உயரம் குறைந்த ஒரு வெற்றுப் பெட்டிக்கு அடியில் சாக்குத்துணி அடித்து, பக்கங்களில் காற்றுத்துளை போட்டு, சீவலை நிரப்பி, உள்மூடிக்குப் பதிலாகத் தேனடைச் சட்டங்களின் மேல் வையுங்கள். தை மாதத்தில் மேல்மூடியைத் தூக்கிக் கையை விட்டால் மேற்பரப்புச் சீவல் நனைந்து ஒட்டும், துணியை ஒட்டிய சீவல் காய்ந்திருக்கும். அப்படி இருந்தால் எல்லாம் சரி. அடியும் நனைந்திருந்தால் சீவலை மாற்றிவிடுங்கள். அப்புறம், பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய கட்டை கொடுத்து முன்பக்கம் சரியவிடுங்கள். தேங்கும் தண்ணீர் வாசலால் ஓடிவிடும்.

நவம்பர்: கடைசி மருந்து, போர்வை

புழு இல்லாத இந்த நேரத்தில் உண்ணிகள் மறைய மூடிய புழுவறைகள் இல்லை. ஒக்சாலிக் அமிலம் நன்றாக வேலை செய்யும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். அளவு மருந்துச் சீட்டில் உள்ளபடியே. பிறகு கறுப்புத் தார்த்தாளைச் சுற்றுங்கள், இரண்டு வாசலையும் விட்டு.

பின்சேர்க்கை: பெட்டி பனியில் புதைந்துவிட்டதே என்று பலர் பதறி எழுதியிருக்கிறீர்கள். புதுப்பனி காற்றை விடும், சூட்டையும் காக்கும். மேல்வாசல் திறந்திருந்தால் போதும். கீழ்வாசலைச் செத்த தேனீக்கள் அடைத்திருந்தால் வளைத்த கம்பியால் மெதுவாக இழுத்தெடுங்கள். பனியில் மஞ்சள் புள்ளிகள் நோயல்ல. வெயில் நாளில் வெளியே வந்து கழித்த மலம்.

மாசியில் பெட்டியின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். லேசாக எழும்பினால் தீனி குறைந்துவிட்டது. பாகு வேண்டாம். சட்டங்களின் மேல் செய்தித்தாளை விரித்து, ஓரங்களில் காற்றுக்கு இடம்விட்டு, உலர்ந்த சீனியைக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து உடனே மூடிவிடுங்கள்.