பழைய ஃபோர்வீல் ஜீப்பும் மாரிச் சேறும்: நான் விட்ட பிழைகள்

போன கார்த்திகையில் மட்டக்களப்பின் உன்னிச்சைப் பக்கம், வயல் வட்டைக்குள் இறங்கும் கிரவல் வழியொன்றில் ஒரு பழைய பஜேரோ அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இறங்கிப் போய்ப் பார்த்தால் பின்னுக்கு ரெண்டும் புத்தம் புதிய, பெரிய மட் டயர். முன்னுக்கு ரெண்டும் வண்டியோடு வந்த பழைய சைஸ். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. 2010இல் நானும் இதே கோலத்தில்தான் திரிந்தேன்.

முன்சில்லின் ஹப்பைப் பூட்ட மறப்பது, மொட்டை டயரோடு சேற்றில் இறங்குவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. ஒருதரம் புதைந்தால் அதெல்லாம் தானாகத் தெளியும். சிலது தெளியாது; காசு முடிந்த பிறகுதான் விளங்கும்.

பின்னுக்கு மட்டும் பெரிய டயர் போடுவது

"ஏன் தம்பி இப்பிடி?" என்று கேட்டேன். "உழவு மெசினப் பாருங்க அண்ண, பின்னுக்குப் பெருசுதானே! அது சேத்துல போகுதா இல்லையா?" என்றான். நானும் அன்றைக்கு இதையேதான் சொன்னேன், சொல்லுக்குச் சொல்.

மெசினின் கணக்கு வேறு. இரண்டு சில்லு மட்டும் இழுக்கிற மெசினில் முன்சில்லு சும்மா உருளுகிறது, எந்தச் சைஸ் என்றாலும் கவலையில்லை. நாலு சில்லும் இழுக்கிற மெசினில் முன்சில்லு சின்னதாக இருந்தாலும், முன் அச்சுக்குள் இருக்கும் பல்லுக்கணக்கு (கியர் விகிதம்) அந்தச் சின்னச் சில்லுக்கென்றே செய்தது. சின்னது வேகமாகச் சுற்றி, பின்சில்லை விட ஒரு துளி முந்தியே ஓடும். பழைய பஜேரோ, ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பல்லுக்கணக்கு. நாலு சில்லில் போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகிற சாஃப்ட் ரெண்டும் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். இடையில் வித்தியாசத்தை விழுங்க ஒன்றுமில்லை.

கணக்கைப் பாருங்கள். 235/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் 787. ஒரு சுற்றுக்கு முன்னது 2.30 மீட்டர் போகும், பின்னது 2.47 மீட்டர். 100 மீட்டர் ஓடுவதற்குள் முன்சில்லு பின்சில்லை விட மூன்று சுற்றுக் கூடச் சுற்றியாக வேண்டும். சுற்ற விடாது. அப்போது அது இழுக்கிற வேலையை விட்டுவிட்டுப் பிரேக் பிடிக்கிற வேலையைச் செய்யும். சேற்றுக்குள் முன்சில்லு தேய்ந்து தேய்ந்து வர, பின்சில்லு தள்ளித் தள்ளிக் குழி தோண்டும். பிடி கூட்டப் போட்ட டயர் இருந்த பிடியையும் தின்றுவிடும்.

என்னிடம் நாலு டயருக்குக் காசிருக்கவில்லை. ஐப்பசியில் ரெண்டு வாங்கிப் பின்னுக்குப் போட்டேன். ரெண்டு சில்லில் ஓடும் வரைக்கும் சோக்கு. (ஸ்பீடோமீட்டர் மட்டும் உள்ளதை விடக் குறைத்துக் காட்டியது, வண்டி இளமையாகிவிட்டதென்று நினைத்தேன்.) நாலு சில்லில் போட்டால் ஸ்டியரிங் கல்லு மாதிரி. நாலு சில்லுக்கு மாற்றுகிற லீவர் திரும்பி வராது. நாலடி ரிவர்ஸில் எடுத்தால்தான் கழரும். பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் ஒருநாள் கொக்கட்டிச்சோலையிலிருந்து வரும்போது லீவர் அடியோடு சிக்கிவிட்டது. கழற்றப் பஞ்சியாகி, நாலு சில்லிலேயே தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்கு வந்தேன். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அப்போது வாவியைப் பாதையில்தான், அதாவது வண்டி ஏற்றுகிற மிதவையில்தான், கடக்க வேண்டும். பாதையில் ஏறுகிற சரிவில் முன்சில்லு ஏறவும், வண்டிக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். முன் சாஃப்டை இணைக்கிற கிராஸ் முறிந்து, சாஃப்ட் ஒரு முனையில் தொங்கியது. எனக்குப் பின்னால் முப்பது மோட்டார் சைக்கிள். ஒருவரும் ஏசவில்லை, இறங்கித் தள்ளினார்கள். அதுதான் இன்னும் வெட்கம்.

கராஜ் பாஸ் ட்ரான்ஸ்பரை (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டியை) திறந்து உள்ளே இருந்த செயினை விரலில் தூக்கிக் காட்டினார். "இது என்ன மனே, செயினா மாலையா?" தளர்ந்த செயின் உறையின் உட்பக்கத்தை உரசி உரசி, வெள்ளிக்கோடு விழுந்திருந்தது. சாமானுக்கென்று கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் ரெண்டு தரம் அலைந்தேன். செலவு நாலு டயரின் விலையைத் தாண்டியது. வேலை முடிவதற்குள் 2011 ஜனவரி வெள்ளம் வந்துவிட்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுக்கத் தண்ணீர். சனத்தை ஏற்றி இறக்கியதெல்லாம் உழவு மெசின். என்னுடைய ஃபோர்வீல் ஜீப் வளவுக்குள் கல்லுக்கு மேலே ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ரெண்டு டயரில் ஒன்று இப்போது மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி.

ஒரே சைஸ் என்று பக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. தேய்மானமும் ஒன்றாயிருக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் தேய்ந்த டயர் சுற்றளவில் ஐந்து சென்டிமீட்டர் குறைந்துவிடும். சோதிப்பது லேசு: டயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, நிலத்தில் அளந்து பாருங்கள். நாலுக்கும். பழைய இரும்புக் கடையில் பின் அச்சு வாங்கி மாற்றுகிறவர்களுக்கும் இதே கண்டம்தான். பல்லுக்கணக்கு முன்னதோடு பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

காற்றை இறக்காமல் டயரைக் குறை சொல்வது

ரோட்டுக்கு அடித்த 30 பிஎஸ்ஐயோடு கல்லடிக் கடற்கரை மணலில் இறங்கிவிட்டு, "டயர் சரியில்ல" என்று புதிய டயர் விலை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மணலில் 16, 18க்கு இறக்குங்கள். சேற்றில் 20 பக்கம். காற்று குறையக் குறைய டயரின் பாதம் அகலத்தை விட நீளத்தில்தான் கூடுதலாக விரியும். பிடி அங்கேதான் வருகிறது. 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழரும். இறக்கிய பிறகு மெதுவாகப் போங்கள். முப்பது நாற்பதுக்கு மேல் ஓட வேண்டாம்.

அகல டயர்

மணலுக்கு நல்லது. நம்முடைய வட்டை வழிகளில் அனேகமாக மேலே ஒரு சாண் சேறு, கீழே இறுகிய கிரவல். ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கிரவலைப் பிடிக்கும். அகலமானது மேலே வழுக்கும். பழைய ஜீப்புகளுக்கு 7.00-16 கொடுத்தவன் பைத்தியக்காரனில்லை.

தார் ரோட்டில் நாலு சில்லு

என் கதையைப் படித்தீர்கள்தானே.

சுழலுகிற சில்லுக்கு இன்னும் அமத்துவது

எதிரெதிர் மூலையில் ஒரு முன்சில்லும் ஒரு பின்சில்லும் பிடி இழந்தால் ஃபோர்வீலும் நின்றுவிடும். அச்சின் ரெண்டு சில்லுக்கும் விசையைப் பிரிக்கிற சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். வழுக்குகிற சில்லுக்குத் தேவைப்படுவது கொஞ்சம், ஆகவே மற்றதற்கும் அந்தக் கொஞ்சம்தான். எக்சலரேட்டரை அமத்த அமத்த ஒன்று குழி தோண்டும், மற்றது பார்த்துக்கொண்டு நிற்கும். லோ கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை ரெண்டு மூன்று பல்லு இழுத்துப் பிடித்தபடி மெல்ல எடுங்கள். சுழலுகிற பின்சில்லு பாரத்தை உணரும், மற்றச் சில்லுக்கும் விசை போகும். பழைய லாண்ட்ரோவர் டிஃபெண்டர்காரருக்கு இது பலிக்காது. அதில் ஹேண்ட்பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, ட்ரான்ஸ்பருக்குப் பின்னால் சாஃப்டைப் பிடிக்கிறது. அவர்கள் கால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம்.

பின்னுக்கு எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் சும்மா சுழலுவதைக் கட்டுப்படுத்துகிற டிஃபரன்ஷியல்) இருக்கிற வண்டி என்றால் அதற்குரிய ஒயில்தான் ஊற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்கிறதா என்று அறிய முன்சில்லுக்குக் கல் வைத்து, நியூட்ரலில், ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் உயிரோடிருக்கிறது. லேசாகச் சுற்றினால் பிளேட் தேய்ந்து போச்சு.

டிஃபரன்ஷியலை வெல்ட் பண்ணுவது

வேண்டாம். வாகரைக்குப் போகிற ரோட்டு முழுக்கத் திருப்பத்துக்குத் திருப்பம் டயர் கத்தும், ஒருநாள் அச்சு முறியும்.

ட்ரெய்லர் கொளுவுகிற உருண்டையில் கயிறு போட்டு இழுப்பது

அது முறிந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். சேசியில் இருக்கிற கொளுக்கியில் போடுங்கள், சனத்தைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பம்ப் இல்லாமல் போவது

காற்றை இறக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அடிக்க ஒன்றும் கொண்டு போவதில்லை. 16இல் டவுன் வரைக்கும் ஓடினால் டயரின் கன்னம் சூடேறி உள்நூல் விட்டுவிடும். பற்றரியில் கொளுவுகிற சின்னப் பம்ப் போதும். அந்த உன்னிச்சைத் தம்பியிடமும் இருக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன், இன்னும் திரும்பி வரவில்லை. பெரிய டயர் ரெண்டையும் விற்கப் போட்டிருக்கிறான் என்று மட்டும் கேள்வி.