மெட்டல் டிடெக்டர் வாங்கியாச்சு, எங்கே போய்த் தேடுவது?

டிடெக்டர் கைக்கு வந்த முதல் வாரத்தில் பலரும் ஒரு காலி மைதானத்தின் நட்டநடுவில் போய் நின்று காயிலை (கருவியின் கீழ்முனையில் உள்ள வட்டத் தட்டு) வீச ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பையில் துருப்பிடித்த ஆணியும் பாட்டில் மூடியும்தான் இருக்கும். கருவி சரியில்லையோ என்று சந்தேகம் வரும். கருவி சரியாகத்தான் இருக்கிறது, இடம்தான் தப்பு. ஒரு காசு மண்ணில் விழ வேண்டுமென்றால் அங்கே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், குனிந்திருக்க வேண்டும், பையில் கை விட்டுத் துழாவியிருக்க வேண்டும். அந்த ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை.

படி 1: அனுமதி வாங்குங்கள்

தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். பொது இடம் என்றால் அதை நிர்வகிக்கும் அலுவலகத்தில் கேளுங்கள். எழுத்தில் வாங்கினால் நல்லது. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் உரிமம் இல்லாமல் டிடெக்டரோடு இறங்கவே முடியாது. தொல்லியல் பாதுகாப்பில் உள்ள இடங்களின் பக்கமே போகாதீர்கள். போர் நடந்த நிலங்களும் வேண்டாம், அங்கே வெடிக்காத குண்டுகள் இன்னும் புதைந்திருக்கலாம்.

1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், வயலில் தொலைந்த ஒரு சுத்தியலைத் தேடித் தரச் சொல்லி விவசாயி ஒருவர் தன் நண்பரைக் கேட்டார். டிடெக்டரோடு போன அந்த நண்பரின் கண்ணில் பட்டது ரோமானியக் காலத்துப் பொன்னும் வெள்ளியும். ஆசைப்பட்டு முழுவதையும் தோண்டி எடுக்காமல், பாதியிலேயே நிறுத்தித் தகவல் சொன்னார்கள். தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்ததில் ஏறக்குறைய 15,000 காசுகள் கிடைத்தன. பெட்டிக்குள் எதன் மேல் எது அடுக்கியிருந்தது என்பதுகூடத் தெரியவந்தது. அவசரப்பட்டு மண்வெட்டியைப் போட்டிருந்தால் அந்தத் தகவல் அன்றோடு போயிருக்கும். பழைய பொருள் ஒன்றுக்கு மேல் சேர்ந்து கிடைத்தால் நீங்களும் அப்படியே கையை எடுத்துவிட வேண்டும்.

படி 2: வீட்டு மண்ணில் காதைப் பழக்குங்கள்

உங்கள் தோட்டத்தில் ஒரு காசு, ஒரு பழைய தங்க மோதிரம், ஒரு ஆணி, குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையம் ஆகிய நான்கையும் 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் தள்ளித் தள்ளிப் புதைத்து, காயிலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தங்க மோதிரமும் அலுமினிய வளையமும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுவதை நேரில் பார்ப்பீர்கள். குப்பை வேண்டாமென்று வளையத்தின் எண்ணை டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் தடுக்கும் அமைப்பு) அடைத்தால், மோதிரத்தையும் சேர்த்துத்தான் அடைக்கிறீர்கள்.

படி 3: வரைபடம் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம்

பகுதியின் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் இருந்து இதில் காணாமல் போனவைதான் உங்களுக்கு வேண்டியவை: இடிந்துபோன வீடு, தூர்ந்த கிணறு, ஆற்றைக் கடந்த துறை, வயல் நடுவே போன ஒற்றையடிப் பாதை.

பெரியவர்களிடம் “இங்கே பழைய இடம் எது?” என்று கேட்டால் பதில் வராது. “சின்ன வயசில் எங்கே விளையாடுவீங்க? சந்தை எங்கே கூடும்? வண்டிக்கு எந்த மரத்தடியில் காத்திருப்பீங்க?” என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத இடங்கள் அவர்கள் பேச்சில் வரும். என் நல்ல இடங்களில் பெரும்பாலானவை இப்படிக் கிடைத்தவைதான்.

படி 4: இறங்குவதற்கு முன் 10 நிமிடம் சும்மா நில்லுங்கள்

கருவியை அணைத்து வைத்துவிட்டு, மனிதர்கள் இங்கே என்ன செய்வார்கள் என்று பாருங்கள். வெயிலில் எந்த நிழலுக்கு ஒதுங்குவார்கள்? மைதானத்தில் பார்வையாளர்கள் எந்த ஓரத்தில் உட்கார்வார்கள்? சறுக்குமரத்தின் அடி, பெஞ்சின் பின்பக்கம், படிக்கட்டின் இரு புறம், துணிக்கொடி கட்டிய இடம் எல்லாம் நடு மைதானத்தைவிட நல்லவை. பெரிய மரம் இருந்தால், தண்டை ஒட்டி மட்டும் தேடாதீர்கள். நிழலின் விளிம்பு வரை வட்டமாகப் போங்கள்.

படி 5: கடற்கரை

அனுமதி உள்ள கடற்கரைதான் தொடங்குபவருக்கு ஏற்ற இடம் என்பேன். தோண்டுவது எளிது, குழியை மூடுவதும் எளிது, புதிதாகப் பொருள் விழுந்துகொண்டே இருக்கும். முதலில் காய்ந்த மணலில், ஆட்கள் துண்டு விரித்து உட்காரும் வரிசையைப் பிடியுங்கள். உப்பு நீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே காரணமில்லாமல் கத்தும். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காய்ந்த பகுதிக்கே திரும்பிவிடுங்கள், பல அலைவரிசைக் கருவி கிடைக்கும்வரை அதுவே போதும்.

புயலுக்குப் பிறகு மணலை அலை அரித்து, சிறு சுவர்போல வெட்டிவிட்டுப் போயிருக்கும். வந்த வேலையை விட்டுவிட்டு அந்த வெட்டின் அடிக்குப் போங்கள். தூண்டிலின் ஈயக் குண்டுகள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று கிடைத்தால் நகரவே நகராதீர்கள். அலை எடையுள்ள பொருட்களை ஒன்றாக ஒதுக்குகிறது. ஈயம் ஒதுங்கிய இடத்தில் காசும் மோதிரமும் ஒதுங்கும்.

படி 6: உழுத நிலம்

பயிர் இருக்கும்போது கால் வைக்காதீர்கள். அறுவடை முடிந்து உழுத பிறகு, ஒரு மழை பெய்து மண் படிந்ததும் போங்கள். கலப்பை அடிமண்ணை மேலே கொண்டுவந்திருக்கும். ஈரத்தில் சிக்னலும் தெளிவாகக் கேட்கும்.

படி 7: இருப்பதா, கிளம்புவதா?

அரை மணி நேரம் தேடியும் ஒரு சத்தமும் இல்லையென்றால் வேறு மூலைக்குப் போங்கள். ஆனால் ஆணிச் சத்தமாகவே கேட்டு, கூடவே ஓட்டுத் துண்டும் செங்கல் பொடியும் தென்பட்டால் சலித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அங்கே ஒரு வீடு இருந்திருக்கலாம். சின்ன காயிலைப் பொருத்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதி படும்படி மெதுவாக ஓட்டுங்கள். வடக்கு தெற்காக முடித்த இடத்தைக் கிழக்கு மேற்காக இன்னொரு முறை தேடுங்கள். ஆணிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் காசு ஒரு திசையில் வாய் திறக்காது, மறு திசையில் கூப்பிடும்.

தோண்டிய குழியைப் புல்லோடு திரும்ப மூடி, காலால் அழுத்துங்கள். எடுத்த குப்பையைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். ஒவ்வொரு பொருளும் கிடைத்த புள்ளியை போன் வரைபடத்தில் குறித்து வையுங்கள். நாலைந்து முறை போன பிறகு அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால், மண்ணில் மறைந்துபோன ஒரு பழைய பாதையின் கோடு சில சமயம் தெரியும். அடுத்த தடவை அந்தக் கோட்டின் மேலேயே தொடங்குங்கள்.